கதைக்காவிட்டால் தானாகக் குறையும்

மலிவான அடுப்பு வாங்கக் கூடாது. புதிதாக விளையாடத் தொடங்குகிற எல்லோரும் விடுகிற முதல் பிழை அதுதான். நானும் விட்டேன். என் ஆள் முட்டை பொரிக்கப் போனான், அடுப்புப் பற்றிக்கொண்டது. அவன் ஓடாமல் நெருப்புக்கு முன்னால் நின்று கையை ஆட்டிக் கத்தினான். நானும் கதிரையில் இருந்தபடி கத்தினேன். குசினியில் இருந்து ஓடிவந்த என் மனைவி சிவகாமி, எரிந்தது கணினிக்குள் என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

தில்லைநாதன், இதை இந்தப் பொலிஸ் அம்மணிக்கு அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். மெருகு போட வேண்டாம். ஒஸ்லோவில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு, வாய் திறக்க மொழிபெயர்ப்பாளர் கேட்கிற ஆள் நான். உணவகத்தில் சட்டி கழுவிய அளவுக்குத்தான் எனக்கு நோர்வேஜிய மொழி தெரியும். மகள் எப்படி யாழ்ப்பாணத்தில் தனியாக அகப்பட்டாள் என்று அம்மணி கேட்கிறார். அதைச் சொல்வதென்றால் விளையாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

போன வருடம் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சீக்மெல்டிங், அதுதான் சுகவீன விடுப்பு, எடுத்து ஸ்டோவ்னர் வீட்டில் கிடந்தேன். வேலை இல்லாத ஆம்பிளை வீட்டில் இருந்தால் என்ன செய்வான்? கறிக்கு உப்புப் பார்ப்பான், மின்விளக்கை அணைத்துக்கொண்டு திரிவான், யார் எங்கே போகிறார்கள் என்று கேட்பான். தாதிக்குப் படிக்கிற என் மகள் தர்மிகாதான் ஒரு நாள் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் கணினிக்கு முன்னால் இருத்தினாள்.

"அப்பா, அம்மாவைப் போட்டு அரியண்டப்படுத்தாமல் இதை விளையாடுங்கோ. நீங்கள் ஆக்களைச் செய்து, வீடு கட்டிக் குடுத்து, வாழ வைக்க வேணும். உங்களுக்கு நல்லாப் பிடிக்கும்."

புதிய ஆளுக்குத் தேவையான புத்திமதி எல்லாம் அவள் தந்ததுதான். பெரிய வீடு கட்டாதேங்கோ. கன ஆக்களைப் போடாதேங்கோ. பசி, நித்திரை, குளிப்பு, இதுகளின்ர கோடு பச்சையாய் இருக்கோ எண்டு பாருங்கோ. "ஆக்களை அவையின்ர பாட்டுக்கும் கொஞ்சம் விடுங்கோ, அப்பா" என்றாள். விட்டுப் பார்த்தேன். என் ஆள் முழு நாளும் தொலைக்காட்சி பார்த்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆட்கள் தாமாக நடக்கிறதை நிறுத்த ஒரு வழி இருந்தது, நிறுத்திவிட்டேன். அதன்பிறகு நான் சொல்லாமல் அவன் ஒன்றும் செய்ய மாட்டான். கழிப்பறைக்குப் போகச் சொல்ல மறந்துவிட்டேன், கூடத்தின் நடுவில் நின்று நிலத்தை நனைத்துவிட்டு அழுதான். தர்மிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கனகாலம் கண்டதில்லை.

அவள் சொன்ன இன்னொரு விஷயமும் உண்டு. விளையாட்டில் இரண்டு பேருக்கு இடையில் எவ்வளவு நெருக்கம் என்று ஓர் இலக்கம் காட்டும். "அதைப் பாத்துக்கொள்ளுங்கோ. கதைக்காட்டி அது தானாக் குறைஞ்சு போகும்" என்றாள்.

பிறகொரு நாள், அவள் வகுப்புக்குப் போயிருந்தபோது, அவளுடைய வீட்டைத் திறந்து பார்த்தேன். விளையாட்டு வீட்டைச் சொல்கிறேன். உள்ளே இரண்டு பேர். ஒருத்தி தர்மிகா, மற்றவன் பெயர் மது. இரண்டு பேரும் குசினியில் நின்று சமைத்தார்கள். அடுப்பு நல்ல அடுப்பு. நெருக்கத்தின் இலக்கம் அதற்கு மேல் ஏற இடமில்லாமல் நின்றது.

நான் கத்துகிற தகப்பன் இல்லை. பின்னேரம் அவள் வந்ததும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, ஆர் பிள்ளை அந்த மது என்று கேட்டேன். அவளும் ஒளிக்கவில்லை.

"மதுசன், அப்பா. என்னோடை படிக்கிறவர். உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தனான்."

"எந்த ஊர்?"

"பியோர்ண்டாலிலை இருக்கினம்."

"அது வீடு. ஊர் எது?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "மட்டக்களப்பு" என்றாள்.

மட்டக்களப்பார் பாயோடை ஒட்ட வைச்சிடுவினம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது, தில்லைநாதன், உங்களுக்கும் தெரியும். அம்மணிக்கு விளங்கப்படுத்துங்கள்: மந்திரம் போட்டு ஆளை அசையவிடாமல் வைத்துக்கொள்வார்கள் என்று அர்த்தம். எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை. இளவயதில் சமத்துவம் பேசிக் கூட்டம் கூட்டியவன் நான். கோவில் வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுத்து அடி வாங்கியவன். எல்லா ஊரும் ஒன்று என்று மேடையில் சொல்லியிருக்கிறேன். மேடையில் என் மகள் இருக்கவில்லை.

அடுத்த நாள் விளையாட்டில் ஒரு சோதனை செய்தேன். மதுவை வேறொரு வீட்டில் குடிவைத்தேன். சண்டை மூட்டவில்லை, ஒருவரையும் ஏசவில்லை. சும்மா கதைக்க விடவில்லை, அவ்வளவுதான். அவள் சொன்னது சரி, இலக்கம் தன்பாட்டில் இறங்கியது. அடிமட்டத்துக்கு வந்தபிறகு இரண்டு பேரையும் சந்திக்கவிட்டேன். அவன் மழையைப் பற்றி ஏதோ சொன்னான். அவள் கொட்டாவி விட்டாள். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஐம்பது வயதில் ஒரு பொம்மை கொட்டாவி விட்டதற்காகச் சாமிக்குக் கற்பூரம் கொளுத்தியவன் இந்த நகரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

இந்த வருடம் கோடை விடுமுறைக்கு அவளை யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போனேன். சமாதானம் ஆட்டம் காண்கிறது, போகாதேங்கோ என்று எல்லோரும் சொன்னார்கள். சிவகாமியும் சொன்னாள். அவளுக்கு வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை, அதுவும் வசதியாய்ப் போயிற்று. கொக்குவிலில் என் தமக்கை யோகாம்பாள் தனியாக இருக்கிறார். மாமியை ஒருக்கால் பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் மகளிடம் சொன்னேன். அவள் மாமிக்குச் சொக்லேட், முழங்கால் வலிக்குக் களிம்பு எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினாள்.

போய்க் கொஞ்ச நாளில் எனக்கு முதுகு நோவு கூடிவிட்டது. கூடவில்லை, கூடிவிட்டதாகச் சொன்னேன். நான் முந்திப் போகிறேன், நீ ஆறுதலாக வா என்றேன். கொழும்பில் உன் பயணச்சீட்டை உறுதிப்படுத்த வேண்டும் என்று சொல்லி அவளுடைய கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டேன். கொழும்பில் அந்தப் பயணத்தை ரத்துச் செய்தேன். இதையும் சொல்லிவிடுங்கள், தில்லைநாதன், தயங்க வேண்டாம். அவனோடு கதைக்காமல் ஒரு வருடம் அங்கே இருந்தால் போதும் என்பது என் கணிப்பு.

ஓகஸ்டில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வருகிற பாதையைப் பூட்டினார்கள். பாதை பூட்டியதற்கு நான் பொறுப்பில்லை. ஊரடங்கு, செல்லடி, மண்ணெண்ணெய் இல்லை, எப்போதாவதுதான் தொலைபேசி இழுக்கும். சிவகாமி சாப்பாட்டை விட்டாள். இந்த நேரத்தில்தான் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரரைக் கப்பலில் ஏற்றுகிறார்கள் என்று செய்தி வந்தது. தர்மிகா எங்கிருந்தோ தொலைபேசி எடுத்தாள். பின்னால் சனம் இரைகிற சத்தம்.

"அப்பா, என்ர பாஸ் உங்களிட்டை எல்லோ இருக்கு? அதின்ர கொப்பியை ஃபாக்ஸிலை விட்டால் காணுமாம். கப்பல் போகப்போகுது. கெதியா விடுங்கோ, அப்பா."

"தேடுறன் பிள்ளை" என்றேன்.

கடவுச்சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக்கொண்டு கீழே கடைத்தொகுதிக்குப் போனேன். ஃபாக்ஸ் அனுப்புகிற கடை திறந்திருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரே ஒரு கிழவி. அவளுக்குப் பிறகு என் முறை வந்தது. நான் திரும்பிப்போய் எதிர்க்கடையில் கோப்பி குடித்தேன், ஒரு பணிஸும் சாப்பிட்டேன். இப்போது வந்தால் அவன் விமான நிலையத்தில் பூவோடு நிற்பான். இவ்வளவு பாடுபட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லையே என்றுதான் யோசித்தேன். வீட்டுக்கு வந்து, அங்கத்தைய லைன் வேலை செய்யவில்லை என்று சிவகாமியிடம் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

கப்பல் போய்விட்டது. அடுத்த கிழமை யோகாம்பாள் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் செல் விழுந்து வெடித்தது. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு காது கொஞ்ச நாள் கேட்கவில்லையாம். அப்போதும் கடவுச்சீட்டு என்னிடம்தான் இருந்தது. தூதரகத்துக்கு ஒவ்வொரு நாளும் தொலைபேசி அடிக்கிறேன் என்று சிவகாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் அடிக்கவில்லை. அடித்தவன் மதுசன். பொலிஸுக்கு வந்தவனும் அவன்தான். தினமும் அவளுடைய குரல் கேட்காமலே அவன் இவ்வளவும் செய்திருக்கிறான். விளையாட்டில் அப்படி நடப்பதில்லை.

இப்போது அவள் அடுத்த கப்பலில் கொழும்புக்கு வந்துவிட்டாள், தூதரகம் புதிய பத்திரம் கொடுத்துவிட்டது என்று அம்மணி சொல்கிறார். நல்லது. அவள் ஒன்று கேட்டிருக்கிறாளாம்: எந்த நாள், எந்த விமானம் என்று அப்பாவுக்குச் சொல்லக் கூடாது. தில்லைநாதன், அதைத் தமிழில் சொன்னபோது நீங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். அது என் பிள்ளையின் வாயிலிருந்து வந்த சொல் இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். கடவுச்சீட்டை எடுத்தது நான், பயணத்தை நிறுத்தியது நான், செல்லடிக்குள் அவளை வைத்திருந்தது நான். எங்கே என்றாலும் கையெழுத்து வைக்கிறேன். எந்த நாள் என்று மட்டும் அம்மணியிடம் கேட்டுச் சொல்லுங்கள். பிள்ளை பயந்துபோய் வருவாள், என்னை விட்டால் வேறு ஒருவரையும் நம்பி வீட்டுக்கு வரமாட்டாள்.