பீடியை விட்ட பிறகு வந்த ரத்தம்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒருவரையொருவர் முன்பின் தெரியாத இருவர் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த பெரியவர் திடீரென்று மற்றவரிடம் சொன்னார்:

"பீடிய உட்டாப் பொறகுதான் தம்பி எனக்குப் பல்லு முரசில ரத்தம் வருது."

"உட்டா நல்லதெண்டுதானே செல்றாங்க காக்கா."

"பீடி பத்தின காலம் ஒரு சொட்டு வரல்ல. இப்ப பல்லு விளக்கினா வாயெல்லாம் சிவப்பு."

"டொக்டர்ட்டக் காட்டினீங்களா?"

"அங்க இரிந்துதான் வாறன். முரசு முந்தியே பழுதாம். புகை ரத்தத்த அடக்கி, நோயத் தெரியாம மறைச்சி வெச்சதாம். பல்லக் கிளீன் பண்ணி, பீடியத் தொடாம இரிந்தா சுகம் வருமாம்."

"அப்ப சட்டப் பையில என்ன கட்டு?"

பெரியவர் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"அஸர் தொழுகைக்குப் பொறகு கடக்கரைத் தோணியடியில கூட்டாளிமாரோட குந்தியிருந்து பத்துவம். உட்டதில இரிந்து அங்க போறல்ல. போனா கை நீட்டிருவன். இப்ப ஊட்ட நானும் ரேடியோவும்தான்."

"ரேடியோ பீடி கேக்காதே காக்கா."

"ஓம். நான் கதைச்சா மறுமொழியும் செல்லாது."

நிந்தவூரில் மற்றவர் ஸலாம் சொல்லி இறங்கினார். பெரியவர் பீடிக்கட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அட்டாளைச்சேனையில் அதைச் சீட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

"காக்கா, உங்கட சாமான்," என்று கண்டக்டர் கூப்பிட்டான்.

"என்ட இல்ல மகன்," என்றார்.

அஸர் பாங்கு கேட்டது. இறங்கி, கடற்கரைக்குப் போகும் ரோட்டைப் பார்த்து நின்றவர், பிறகு மற்றப் பக்கம் திரும்பி நடந்தார்.