சத்தமில்லாத கார்

இரண்டாயிரத்து ஏழு வாக்கில், ஒரே ஒரு மெயில் பார்க்க பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரமாகக் காத்துக் கிடந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞர், எலெக்ட்ரிக் கார் பற்றி யாரோ இணையத்தில் எழுதியதைத் தன் மாமாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா வேப்பந்தட்டையில் வாடகைக் கார் ஓட்டுபவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“டீசலே வேணாமாம் மாமா. சார்ஜ் போட்டா போதுமாம்.”

“நம்மூரு கரண்ட நம்பியா?”

“சத்தமே வராதாம்.”

“அப்ப உங்கத்தை எப்படா தோசைக்கல்ல அடுப்புல வைப்பா?”

இளைஞர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

“நெசமாத்தான்டா. கல்யாணம் ஆன புதுசுலேருந்தே, ஏரிக்கரை திருப்பத்துல நம்ம வண்டி சத்தம் கேட்டா கல்லு அடுப்புல ஏறிரும். நான் கைகால் கழுவிட்டு உக்காந்தா தட்டுல தோசை இருக்கும். இருபது வருசமா இப்படித்தான்.”

“இப்பதான் செல்லு இருக்கே. பெரம்பலூர் தாண்டுனதும் ஒரு போன் போடுங்க.”

“போட்டா ‘சரி, வாங்க’ன்னு வச்சுடுவா. மறந்துடுவா.”

“அப்ப ஏரிக்கரையில ஹாரன் அடிங்க.”

“சவாரி ஏத்த வந்தவன்தான்டா ஹாரன் அடிப்பான். வூட்டுக்கு வர்றவன் அடிப்பானா?”



“பழைய வண்டிய வாங்கிக்கிறேன்னு பாடாலூர்க்காரர் நாளைக்கு வர்றாரே மாமா. அவருகிட்ட என்ன சொல்ல?”

“இப்ப விக்கலன்னு சொல்லு.” நாற்காலி நகரும் சத்தம். “நான் சொன்னேன்னு சொல்லாத. உங்கத்தைதான் வேணாம்னாங்கன்னு சொல்லு.”