மொத ஆளா ஓடுறவன்

அப்படிச் சொல்லாதீங்க பாய். ஒங்க திருச்சுழி டீமு தோத்துரும்னு நீங்களே முடிவு பண்ணிட்டா, எதுக்கு இந்த வெயில்ல அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி வாரீக? நான் அருப்புக்கோட்டைக்காரன். எனக்கே அந்தத் தெம்பு இல்ல, இந்த வருசம் கப்பு எங்களுக்குத்தான்னு சொல்றதுக்கு. ஹாக்கி பைனலு, மூணு மேச்சு சீரிஸு. இன்னைக்கு எங்க ஊர்ல, அடுத்தது ஒங்க ஊர்ல, ஆளுக்கொண்ணு ஜெயிச்சா மூணாவது. என்ன வேணும்னாலும் ஆகலாம்.

இந்தா, இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க. அங்க வெயிலு மூஞ்சில அடிக்கும்.

சரி, ஒண்ணொண்ணா வச்சுப் பாப்போம். ஒங்க ஃபார்வர்டு லயனு மாதிரி எங்ககிட்ட கெடையாது. காசிராஜன் லெப்டுல பால எடுத்தான்னா கோட்ட ஒட்டியே போயிருவான், எங்க பேக்கு ரெண்டு பேரும் அவன் முதுகத்தான் பாத்துக்கிட்டு நிக்கணும். செமிபைனல்ல பாத்தேன்ல. ஆனா அவன்கிட்ட ஒரு கொற இருக்கு. போறப்ப குனிஞ்சது குனிஞ்சபடியே போவான். உள்ள ஒருத்தன் சும்மா நிக்கானே, அவனுக்குக் குடுப்போம்னு தல தூக்கிப் பாக்க மாட்டான். எங்களுக்கு சென்டர் ஹாஃப் கெட்டி. அந்தப் பையன் பேசவே மாட்டான், ஆனா பால் எங்கிட்டுச் சுத்துனாலும் கடைசில அவன் நிக்கிற எடத்துக்குத்தான் வரும். கோலி சுமார்தான், ஒளிக்க என்ன இருக்கு. தரையோட வந்தா கால மடக்கி விழுந்து எடுத்துருவான். ஒசந்து வந்தா தடுமாறுவான்.

கிரவுண்டா? காலைலருந்து லாரித் தண்ணி அடிக்கிறாகளாம். கரிசலுக்கு மேல செம்மண்ணப் போட்டு ரோலர் விட்ருக்கு. ஈரம் இருக்குற வரைக்கும் பால் வழுக்கிக்கிட்டுப் போகும், அது ஒங்க ஆளுகளுக்கு வாட்டம். காஞ்சு போச்சுன்னா அங்கங்க துள்ளும், அது எங்களுக்குப் பழக்கம். அதனால மொதப் பாதி ஒங்களுக்கு, பின்பாதி எங்களுக்குன்னு நான் நெனைக்கிறேன்.

அருண்பாண்டியனா?

ஆமா, நீங்க சொல்றது வாஸ்தவம்தான். பெனால்டி கார்னர்தான் ஒங்க டீமுக்குப் பலமே. அதுதான் இப்ப இல்லாமப் போச்சு. இந்த டோர்னமெண்டு பூராவும் அவன் ஒண்ணு கூட கோலுக்கு அடிக்கல. கார்னர் கெடைக்கும், பால நிப்பாட்டிக் குடுப்பாக, இவன் பக்கத்துல நிக்கிறவனுக்குத் தட்டி விட்டுட்டு ஒதுங்கிருவான்.

என்ன சொன்னீக? தலைக்கனமா? யாரு சொன்னா? திருச்சுழி டீக்கடைல பேசிக்கிட்டாகளா, பெரிய டீமுல கூப்புடுறாக, அதனால நம்ம ஊருக்கு ஒழுங்கா ஆட மாட்டேங்கிறான்னு? இல்ல பாய். அந்தப் பேச்சு வேண்டாம். நீங்க போன வருசம் சவுதில இருந்தேன்னு சொன்னீகல்ல, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. டீக்கடைல பேசுனவுகளுக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசுறாகன்னா... விடுங்க.

கோவம்லாம் இல்ல. சத்தமாப் பேசிட்டேன் போல, கண்டக்டரு திரும்பிப் பாக்குறாரு.

அவன் அடிச்சு நீங்க பாத்திருக்கீகளா? முந்தி பாத்திருப்பீக, ஸ்கூல் டீமுல ஆடுறப்ப. போன வருசம் அவன் அடிச்சது வேற. பால ஸ்டிக்கோட ஒட்ட வச்ச மாதிரி இழுத்துக்கிட்டே வருவான், அப்பிடியே ஒரு சுண்டு. மத்தவன் அடிச்சா டக்குன்னு கேக்கும், கோலி சுதாரிச்சுக்கிடுவான். இவன் சுண்டுனா சத்தமே வராது. கோலுக்குள்ள பலகைல பால் விழுறதுதான் மொதக் கேக்கும். எதிர்டீமுக்காரன் நான், எனக்கே கை தட்டத் தோணும்.

அத மறிக்க ஒரே வழிதான். கார்னர் அடிக்கிறப்ப கோலிகூட நாலு பேரு கோட்டுக்குப் பின்னாடி நிப்பாங்கல்ல, அதுல ஒருத்தன் பால் கெளம்புன ஒடனே அடிக்கிறவனப் பாத்து நேரா ஓடணும். இவன் சுண்டுறதுக்குள்ள முன்னால போய் ஸ்டிக்க நீட்டி விழுந்துறணும். மொத ஆளா ஓடுறவன்னு சொல்லுவாக. மத்த எடத்துல எல்லாம் பால் வந்தா வெலகிக்கிடலாம். அவன் மட்டும் பால் வர்ற வழியிலயே எதுக்க ஓடணும். யாருக்கு மனசு வரும் சொல்லுங்க.

எங்க டீமுல அந்த எடத்துல சந்தீப்புன்னு ஒருத்தன் ஓடுனான். இவனும் அருண்பாண்டியும் மாவட்ட டீமுல ஒண்ணா ஆடுனவங்க. கேம்புல ஒரே ரூம்பு. சீரிஸுன்னு வந்தா மட்டும் ஆளுக்கொரு பக்கம். போன வருசம் மூணாவது மேச்சு. ரெண்டு டீமும் ஒரே கோலு, முடியப் போற நேரம். ஒங்களுக்கு கார்னர் கெடைச்சிருச்சு. சந்தீப்பு அதுக்கு முந்துன கார்னர்ல அருண்பாண்டி அடிச்சத மறிச்சுட்டான், கால்ல ஒண்ணு வாங்கி வீங்கிப் போய் நிக்கிறான். வேர்வைல மாஸ்க்கு வழியா ஒண்ணுமே தெரியலன்னு கழட்டி கோலுக்குள்ள போட்டுட்டான். கோச்சு வெளியில இருந்து போடுறா போடுறான்னு கத்துறாரு. காதுல வாங்கல. விசிலும் அடிச்சுட்டாக.

அருண்பாண்டி தாழத்தான் அடிச்சான் பாய். நான் கோலுக்குப் பக்கத்துலதான் நின்னேன், நல்லாப் பாத்தேன். கிரவுண்டு காஞ்சு கெடந்துச்சு. எங்கயோ மண்ணாங்கட்டில பட்டு பால் எழும்பிருச்சு. இவன் ஸ்டிக்க நீட்டிக்கிட்டு விழுறான். எடது கண்ணு.

மொத அவன்கிட்ட ஓடி வந்தது அருண்பாண்டிதான். தன் பனியனக் கழட்டி மூஞ்சில வச்சு அமுக்கி, தலைய மடில போட்டுக்கிட்டு, விட மாட்டேங்குறான். ஆம்புலன்ஸுல ஏத்துறப்ப அவன் கையப் பிரிச்சுத்தான் எடுக்க வேண்டியதாப் போச்சு.

கண்ணு போயிருச்சு. மதுரைல வச்சு எம்புட்டோ பாத்தோம். ஒண்ணும் ஆகல.

ஆமா பாய். என் மகன்தான், மூத்தவன். மறைக்கணும்னு இல்ல. சொன்னா எல்லாரும் ஒரு மாதிரி மொகத்த வச்சுக்கிடுவாக, அதுக்கப்பறம் என்கிட்ட ஹாக்கி பேச மாட்டாக. மில்லுல கூட அப்பிடித்தான், ஷிப்ட்டுல மேச்சு பத்திப் பேசிக்கிட்டு இருப்பாக, நான் போனா பேச்ச மாத்திருவாக. எனக்கு இதவிட்டா பேச வேற என்ன இருக்கு.

நல்லாத்தான் இருக்கான். ஒரு மொபைல் கடைல வேலைக்குப் போறான். போலீஸ் டீமுக்கு எடுக்கிறதா இருந்துச்சு, அது நின்னு போச்சு. டம்ளர்ல தண்ணி ஊத்துனா பாதி வெளிய போகும். ஒத்தக் கண்ணால பாக்குறப்ப தூரம் தெரியாதாம்ல. எங்க வீட்டுக்காரி சங்கரி சொம்பப் பிடுங்கி ஊத்திக் குடுக்க மாட்டா. அவன் பாக்காதப்ப தொடச்சு விட்டுருவா. ஒரு நா அவ அருண்பாண்டியத் திட்டிக்கிட்டு இருந்தா. வீட்ல நாங்க கன்னடந்தான் பேசுவோம், அதுல திட்டுனா இன்னும் ஒறைக்கும். சந்தீப்பு சாப்புட்டுக்கிட்டே சொன்னான், அவன் பால அடிச்சான், நான் எதுக்க ஓடுனேன், ரெண்டும் நாங்களா ஒத்துக்கிட்டு எறங்குனதுதாம்மா, அவன வையாதன்னான். அதுக்கப்பறம் அவ அவனத் திட்டுறதில்ல. ஆனா ஸ்டிக்கு எதுவும் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுட்டா.

அருண்பாண்டி ஆஸ்பத்திரிக்கு வருவான். வார்டுக்குள்ள வர மாட்டான், மாடிப்படிலயே உக்காந்திருப்பான். நான் கூப்புட்டாலும் வர மாட்டான். பெறகு நாங்க ஊருக்கு வந்துட்டோம், அவனப் பாக்கவே இல்ல. சந்தீப்பு போன் பண்ணாக்கூட எடுக்கிறதில்ல. மேச்சுல மட்டும் பாப்பேன், தூரமா நின்னு. கார்னர்னு விசிலடிச்சா அவன் கைய டவுசர்ல தொடைப்பான், தொடைச்சுக்கிட்டே இருப்பான். அத நீங்க தலைக்கனம்னு சொன்னீகன்னுதான் கொஞ்சம் பேசிட்டேன். தப்பா எடுத்துக்கிடாதீக.

இப்பவா? பரளச்சிலருந்துதான் வாரேன். அவன் வீட்டுக்குத்தான் போயிருந்தேன். காலைல மொத பஸ்ஸுக்கே போயிட்டேன்.

அவுக அம்மா ராமலட்சுமி வாசல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாக. என்னப் பாத்ததும் யாருன்னு தெரிஞ்சு போச்சு. சேர எடுத்துப் போட்டுட்டு, சேலை முந்தியால அதத் தொடைச்சுக்கிட்டே நிக்காக. நேத்து ராத்திரி சாப்புடல அண்ணேன்னாக. உள்ள பாத்து அருணுன்னு கூப்புட்டாக.

வந்தான். ஆளு மெலிஞ்சு போயிட்டான். கேம்பு நேரத்துல எங்க வீட்டுக்கு வந்து இட்லி கணக்கு வழக்கு இல்லாமத் திம்பான், அந்தப் பையனா இதுன்னு இருந்துச்சு. சந்தீப்பு என்னைக் கூப்புடுற மாதிரியே அவனும் அப்பான்னுதான் கூப்புடுவான். என் மூஞ்சியப் பாக்காம, நான் வாயத் தெறக்குறதுக்கு முன்னாடியே சொல்றான், அப்பா, இன்னைக்கு நான் ஆடலப்பா, கோச்சுகிட்ட சொல்லிறப் போறேன். இனிமே ஸ்டிக்கத் தொட மாட்டேன். இதுக்காக நீங்க இம்புட்டுத் தூரம் வரணுமாங்குறான்.

நான் அவன் கையத்தான் பாத்தேன். வீட்ல சும்மா நிக்கிறப்பவும் அதத் தொடைச்சுக்கிட்டே இருக்கான் பாய். கண்ணு போனவன் ஒழுங்காச் சாப்புடுறான், வேலைக்குப் போறான், சிரிக்கிறான். இவன் இப்பிடி நிக்கான்.

சொன்னேன். ஏலே, நீ அடிக்கணும்டான்னேன். முன்ன எப்பிடி அடிச்சியோ அப்பிடியே அடி, எதுக்க எவன் வந்தாலும் பாக்காத. நீ அடிச்சா சந்தோசப்படுற மொத ஆளு சந்தீப்புதான்னேன்.

அவன் அப்பிடியே தரையில குத்தவச்சுட்டான். பெறகு எந்திரிச்சு உள்ள போனான். பரண்ல இருந்து எதையோ இழுக்குற சத்தம் கேட்டுச்சு. போன வருசத்து ஸ்டிக்கும் பாலும் எடுத்துட்டு வந்து, தண்ணித் தொட்டிச் செவத்துல அடிக்க ஆரம்பிச்சான். மொத ரெண்டு மூணு சரியா வரல. அப்பறம் வந்துச்சு பாய். அதே சுண்டு. செவத்துல பட்ட சத்தந்தான் கேட்டுச்சு. அவுக அம்மா நெலைல சாஞ்சுக்கிட்டு அழுகுறாக. டீமு வேன் வந்து ஏறுறப்ப, வாரேன்ப்பான்னான். ஒரு வருசம் கழிச்சு என் மூஞ்சியப் பாத்தான்.

அய்யோ, பெரிய மனசு அது இதுன்னு சொல்லாதீக. கைய விடுங்க பாய். நான் அதச் சொல்லப் போகல.

நான் அடிக்காதன்னு கேக்கத்தான் போனேன். போற வழி பூராவும் அதத்தான் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். தம்பி, எல்லா டீமோடயும் தட்டி விட்ட மாதிரியே எங்களோடயும் தட்டி விட்டுரு, கோலுக்கு அடிக்காத. கால்ல விழுந்து கேக்க வேண்டியிருந்தாலும் கேட்டுறணும்னுதான் ஷிப்ட்டு மாத்திட்டு வந்தேன். அவனாவே அடிக்க மாட்டேன்னுட்டான். சரிப்பான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு பஸ் ஏறியிருக்கலாம். அவன் கையப் பாத்ததும் வாயில வேற வந்துருச்சு.

இல்ல, கப்புக்காக இல்ல. கப்பு எங்க போனா என்ன.

நேத்து சாயங்காலம் எங்க கோச்சு ஆள மாத்திட்டாரு. இத்தன நாளா மொத ஆளா ஓடுன பையனுக்கு முட்டி பெசகிப் போச்சு. அந்த எடத்துல இன்னைக்கு நாகராஜ் ஓடுறான். என் சின்ன மகன்தான். அவனாவே கேட்டு வாங்கியிருக்கான், அண்ணன் நின்ன எடம், நான் நிக்கிறேன்னு. ராத்திரி எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். அப்பா, இப்ப மாஸ்க்கு கட்டாயம்ப்பா, ஒண்ணும் ஆகாதுங்குறான். மூஞ்சிக்கு மாஸ்க்கு. கழுத்துக்கு என்ன இருக்கு, நெஞ்சுக்கு என்ன இருக்கு? சங்கரிகிட்ட இன்னும் சொல்லல. அவன் ஸ்டிக்க கிரவுண்டுலயே வச்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவான், முன்னால ஃபார்வர்டுல ஆடுறான்னு நெனச்சுக்கிட்டு இருக்கா அவ.

அருண்பாண்டி நம்பர் இருக்கு பாய். இந்தா, இப்பக் கூட பண்ணலாம். பண்ணி, ஓடுறது என் சின்னவன்னு சொன்னா ஸ்டிக்கக் கீழ போட்டுருவான். போட்டான்னா இனி எடுக்க மாட்டான். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிதான் நிமுந்து நின்னான்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. எறங்குவோம், இங்கருந்து நடந்தே போயிறலாம். சின்னவன் மாஸ்க்கு போட்டு நின்னா யாருன்னு அருண்பாண்டிக்கு அடையாளம் தெரியாது. தெரியாமலே அடிக்கட்டும்.