தலையை ஆட்டியது நானல்ல, என் கண்ணாடி

அவைக்கு நடுநாயகமாய் அமர்ந்து, அரைமணி நேரமாய்க் கைக்கடிகாரத்தையே கண்டித்துக்கொண்டிருக்கும் தலைவர், திருமயம் வணிகர் சங்கத்து ஷாநவாஸ் அவர்களே! முன்வரிசையை முழுதாய் ஆளும் முதியோர்களே! பிள்ளையை மடியிலும் பையைப் பக்கத்து நாற்காலியிலும் இருத்தி இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே! என்மேல் மனுக் கொடுத்த மாண்புமிகு பதின்மூன்று பேரே! உங்கள் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் தட்டும் வனிதா, தலை தாழ்த்தி வணங்குகிறேன்!

"இந்த வனிதா மண்டைக்கனம் பிடித்தவர், மனிதரை மதியாதவர், வேறு ஊருக்கு மாற்றுக" என்கிறது மனு. அருமையான மனு! அப்பழுக்கற்ற மனு! ஏன் இருக்காது? டைப் அடித்துக் கொடுத்தவளே நான்தானே! ஊரில் வேறு யாரிடம் போவீர்கள்?

கைதட்டாதீர்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

நாற்பத்தேழு வயது எனக்கு. எழுத்து மங்கியது. முதலில் வாங்கினேன் வாசிப்புக் கண்ணாடி. புத்தகம் இருப்பது முழத் தூரத்தில். திரை இருப்பதோ கை நீளத்தில்! எட்டவில்லை. மூக்கைத் திரையில் முட்டிப் படித்தேன். வரிசையில் நின்ற அமராவதி அக்கா கேட்டார்: "ஏத்தா, கம்ப்யூட்டர மோந்து பாத்தாத்தான் சர்டிபிகேட் வருமாக்கும்?" சிரிக்காதீங்க அக்கா, உங்களைத்தான் சொல்றேன்.

அடுத்து பைஃபோகல். கீழ்ப்பாதியில் பிறை போல ஒரு துண்டு. அதன் வழியே திரையைப் பார்க்க நாடியை நிமிர்த்த வேண்டும். நாளெல்லாம் நிமிர்த்தினேன். கழுத்து வலித்தது எனக்கு; கனம் தெரிந்தது உங்களுக்கு! "வானத்தப் பாத்துக்கிட்டுல்ல பேசுறா" என்றீர்களே, வானத்தையா பார்த்தேன்? உங்கள் வாரிசுச் சான்றிதழையல்லவா பார்த்தேன்!

மூன்றாவது, கோடே இல்லாத புரோகிரசிவ். மேலே தூரத்துக்கு, கீழே படிப்புக்கு, நடுவே திரைக்கு ஒரு சந்து. ஒற்றையாள் போகும் சந்து! ஒரு வரி படிக்க முகத்தையே இடமிருந்து வலம் திருப்ப வேண்டும். அப்போதுதான் வந்தார் ஆடு மேய்க்கும் மலையாண்டி அண்ணன். மகள் இளமதிக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ். கல்லூரியில் கொடுக்க மறுநாள் மதியமே கடைசி. திரையில் வந்திருந்தது ஒப்புதல்! பூரித்துப்போய் வரிவரியாய்ப் படித்தேன். படித்து நிமிர்ந்தால் நாற்காலி காலி. நான் தலையை ஆட்டி இல்லை என்றதாக நினைத்து எழுந்து போய்விட்டார் மனிதர்!

போன் அடித்தால் அணைந்து கிடக்கிறது. விடிந்ததும் சான்றிதழோடு அவர் ஊருக்குப் பஸ் ஏறினேன். கண்ணாடியில் படிக்கட்டு கலங்க, தடவித் தடவி இறங்கினேன். வீட்டைத் தேடி முகத்தை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பியபடி போனேன். அண்ணன் பார்த்துவிட்டார். "இல்லேன்னு சொல்ல வீடு வரைக்குமா தாயி வருவீங்க?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்ணாடியைக் கழற்றி எறிந்தேன். அவசரத்தில் எதிரே நின்ற உருவத்தைப் பார்த்து "கெடச்சிருச்சுண்ணே!" என்று கத்தினேன். அது அவருடைய கிடா. ஆனால் கதவு திறந்தது. இளமதி அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள், கல்லூரியில் சேர்ந்தாள். நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். என் கழுத்தசைவில் ஒரு பிள்ளையின் படிப்பு போயிருக்குமே!

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. டேப் வைத்துக் கண்ணுக்கும் திரைக்கும் இடையே அளந்தேன். கண் பரிசோதிப்பவரிடம் அந்த அளவைச் சொன்னேன். இதோ மாட்டிக்கொள்கிறேன், கம்ப்யூட்டருக்கென்றே செய்த கண்ணாடி! மூக்கு முட்டாது! நாடி நிமிராது! தலை ஆடாது! ஒரே குறை, கை நீளத்துக்கு அப்பால் உலகமே ஊத்தப்பம். இப்போது உங்கள் முகமும் அப்படித்தான்.

இனி நீங்கள் சொல்லுங்கள். நான் இருக்கவா, போகவா?

என்ன, சத்தமே இல்லை? தலைவரே, தலையை ஆட்டுகிறார்களா? எந்தப் பக்கம்? மேலும் கீழுமா, குறுக்கேயா? ஐயா! அம்மா! ஆட்டிய தலையை நம்பி நாம் கெட்டது போதாதா? கேட்பவரும் வாய் திறந்து கேட்கட்டும்! கொடுப்பவரும் வாய் திறந்து சொல்லட்டும்! கையெழுத்துப் போட்ட பதின்மூன்று பேரும் வாய் திறந்து சொல்லுங்கள்!

யாரது, கடைசி வரிசையில்? மலையாண்டி அண்ணனா? சத்தமாச் சொல்லுங்கண்ணே!

"நாளைக்கு எத்தன மணிக்குத் தொறப்பீக தாயி? மகனுக்கு வருமானச் சர்டிபிகேட்டு ஒண்ணு எழுதணும்."

பத்து மணிக்கு, அண்ணே! பத்து மணிக்கு! முகம் தெரியாத உங்கள் அத்தனை பேருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. போய் வாருங்கள், வணக்கம்!