ஒரு நூல் அளவு

மேடையில் சத்தம் தொடங்கியதும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது என் வழக்கம். பதினோரு வருடமாக, கச்சேரிகளில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒலி மேசையில் நிற்கிறேன். என் காதுகளைச் சோதித்த டாக்டர், பள்ளிக்கூடப் பையனின் காதுகள் போல இருக்கின்றன என்றார். நான் தொழிலில் கவனமானவன். நீங்கள் கேட்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பாடகன் என் தங்கையின் கணவன். அதற்கு முன்பே என் நண்பன். கித்தார் வாசிப்பவன் ஒல்லி, டிரம்ஸ் அடிப்பவன் குண்டு. குழுவில் நாங்கள் நான்கு பேர் என்றுதான் நான் எண்ணுவேன். சுவரொட்டியில் மூன்று பேர் இருப்பார்கள்.

முதல் சில வருடங்கள் மட்டமான மதுக்கடைகளில் போயின. கழிப்பறைக் கதவை ஒட்டி, பாட்டில் பெட்டிகளைக் கவிழ்த்து மேலே பலகை போட்டால் அதுதான் மேடை. எங்களுடையது ஹார்ட் ராக். முதல் பாட்டு முடிந்ததும் ஒரு கடைக்காரர் கேட்டார்.

"ஏம்பா, பாடுறீங்களா, சண்டை போடுறீங்களா?"

"ரெண்டும்தாண்ணே. வேற கடையில தனித்தனியா பாக்கணும்," என்றான் குண்டு.

மறுவாரமும் கூப்பிட்டார்.

அந்தக் கடைகளில் பாடகனுக்குத் தன் குரல் கேட்காது. முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ் இடிக்கும். கேட்காததால் கத்துவான். கத்தினால் சுருதி நழுவும். என் பழைய ஸ்பீக்கர் ஒன்றை அவன் காலடியில், அவன் முகம் பார்க்கச் சாய்த்து வைத்தேன். அன்றுதான் முதல்முறையாக ஒரு பாட்டை முழுதாகச் சுருதியில் பாடினான். கட்டைவிரலை உயர்த்தினால் நான் கூட்ட வேண்டும். தாழ்த்தினால் குறைக்க வேண்டும். எங்களுக்குள் வேறு பேச்சு தேவைப்படவில்லை.

கடைகளிலிருந்து கல்லூரி மைதானங்களுக்குப் போனோம், அங்கிருந்து அரங்கங்களுக்கு. வானொலியில் பாட்டு வந்தது. பேட்டி எடுக்க வந்தவர் வெற்றியின் ரகசியம் என்ன என்றார்.

"தொண்டைதான். பிறவிக் குரல்," என்றான் பாடகன்.

நான் கேமராவுக்குப் பின்னால் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஓர் இசைக் கம்பெனி எங்களை எடுத்துக்கொண்டது. ஒப்பந்தப்படி அடுத்த நாற்பது கச்சேரிகள் வரை மேசையில் நான். நாற்பத்தொன்றிலிருந்து கம்பெனியின் ஒலிக்காரர். பாடகன் இதை என்னிடம் சொன்னது தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

"கோச்சுக்காத மச்சான். ஒயர் தூக்கினது போதும். இனிமே முன்வரிசையில ஜம்முனு உக்காந்து பாரு."

"சரி மாப்ள," என்றேன்.

தங்கை என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். யாரும் எதுவும் தவறாகச் சொல்லவில்லை.

அதற்குள் காலடி ஸ்பீக்கர் போய் இயர்பீஸ் வந்திருந்தது. காதுத் துளைக்கு அச்செடுத்துச் செய்வார்கள், இறுக்கமாகப் பொருந்தும். அதில் லிமிட்டர் என்று ஒரு தடுப்பு உண்டு. ஓர் அளவுக்கு மேல் சத்தம் காதுக்குள் போகாது. தொழிலில் ஒரு விதியும் உண்டு. பாடகன் காதுக்குப் போகும் சத்தத்தை மேசைக்காரன் முதலில் தன் காதில் கேட்டுப் பார்க்க வேண்டும். சமைப்பவர் உப்புப் பார்ப்பது போல.

லிமிட்டரை எடுத்துவிட்டேன். உப்புப் பார்ப்பதை நிறுத்தினேன். கச்சேரிக்கு ஒரு நூல் அளவு கூட்டினேன்.

இதில் கெட்ட எண்ணம் இல்லை. காது பழகிவிடும் உறுப்பு. இன்றைய சத்தம் நாளைக்குப் போதாது. நாற்பது கச்சேரி முடிந்தபின் யார் வந்து முறையான அளவில் வைத்தாலும் அவனுக்குக் கேட்காது. சுருதி நழுவும். என்னைக் கூப்பிட்டாக வேண்டும். அவன் கட்டைவிரல் உயர்ந்துகொண்டேதான் இருந்தது. கேட்டதைத்தான் கொடுத்தேன்.

இருபத்திரண்டாவது கச்சேரியன்று மத்தியானம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, பாப்பா பக்கத்துல அழுதாக்கூட அவருக்குக் கேக்கல. டிவியை அலற விடுறாரு. நீ கொஞ்சம் கொறச்சு வையேன்."

"கொறைக்கிறேம்மா."

"அவர்கிட்ட சொன்னா எரிஞ்சு விழுறாரு. உன்னை நம்பித்தான் சொல்றேன்."

அன்று இரண்டு நூல் கூட்டினேன். இன்னும் பதினெட்டுக் கச்சேரிகள்தான் பாக்கி இருந்தன.

நாற்பத்தொன்றாவது கச்சேரிக்கான ஒத்திகையில் கம்பெனியின் ஒலிக்காரர் விதிப்படி இயர்பீஸைத் தன் காதில் வைத்தார். உடனே பிடுங்கிக் கீழே போட்டார். சற்று நேரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இதை வச்சுக்கிட்டா ஒரு மனுஷன் பாடினாரு?" என்றார்.

அளவைச் சரிசெய்தார். பாடகன் தொடங்கினான். இரண்டாவது வரியில் சுருதி நழுவியது. கட்டைவிரலை உயர்த்தினான். மறுபடி உயர்த்தினான். ஒலிக்காரர் முடியாது என்று தலையசைத்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது.

"மச்சான், நீ வா," என்றான் மைக்கில்.

பதினோரு வருடத்தில் மைக்கில் அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. ஒல்லியும் குண்டுவும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். போய் மேசையில் நின்றேன். ஒலிக்காரர் தடுத்தார், விலக்கினேன். என் அளவை வைத்தேன்.

கட்டைவிரல் இறங்கவில்லை. என் அளவும் அவனுக்குக் கேட்கவில்லை. இதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

லிமிட்டர் தவறுதலாகக் கழன்றதா என்று கேட்டீர்கள். இல்லை. நான் எடுத்தேன். தங்கை சொன்னபின் காது போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கூட்டினேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது தங்கை அவனிடம் காகிதத்தில் எழுதித்தான் பேசுகிறாள். யார் குரலும் எட்டுவதில்லை என்கிறாள். யார் குரலும் என்று அவள் சொல்வது மற்றவர்களை. அவனுக்குச் சத்தம் கொடுத்துப் பழக்கியவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பின்னால் நின்று, கத்தாமல், சாதாரணமாகக் கூப்பிட்டேன். மூன்று முறை.

திரும்பவில்லை. அசதியாக இருந்திருப்பான்.