செனானை அசைத்த கணக்கு

— அப்ப அந்த செனான்ங்கற வாயு யாரு கூடவுமே சேராதாக்கும்?

— அப்படித்தானுங்கத்தை ரொம்ப காலமா நெனச்சிருந்தாங்க. ஒண்ணு ரெண்டு பேரு முயற்சி பண்ணித் தோத்ததோட உட்டுப்போட்டாங்க.

— ஏன் யுவஸ்ரீ, இதச் சொல்றதுக்கா தொண்டாமுத்தூர்ல இருந்து அத்தன கொண்டை ஊசி வளைவுலயும் வாந்தியெடுத்துட்டு வால்பாறைக்கு வந்தே? நான் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போகோணும் கண்ணு.

— செத்த கேளுங்கத்தை. ஆக்சிஜன் இருக்குதுல்ல…

— தெரியாம? தெனமும் சிலிண்டர் மாத்தறவளாச்சே.

— அதுவும் தன்ற எலக்ட்ரான லேசுல உடாதுங்க. ஆனா பிளாட்டினமும் ஃபுளோரினும் சேர்ந்த ஒரு செவப்பு ஆவி அதையே புடுங்கிருச்சு. அதப் பாத்த விஞ்ஞானி ஒருத்தர் யோசிச்சாரு. செனானும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட ஒரே அளவு புடிவாதம். ஆக்சிஜன அசைச்சது செனான அசைக்காதா? ரெண்டையும் சேத்து உட்டாரு. செனானும் அசைஞ்சு சேந்து, மஞ்சளாப் பொடி உழுந்துச்சு. முப்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்க.

— செரி, உழுந்துச்சு. அதுக்கு நீ ஏன் அழுகறே?

— மெட்ராஸ்ல எம்.எஸ்ஸி. சீட்டு கெடச்சிருக்குதுங்கத்தை. திங்கக்கெழம சேரோணும். பொட்டப்புள்ள அத்தன தூரம் போகவேண்டாம்னு அப்பா ஒரே புடியா நிக்கறாரு. அம்மாவும் சொல்லியாச்சு, காலேஜ் மேடம் ஊட்டுக்கே வந்தும் சொல்லியாச்சு. ஏறவே இல்லை.

— எங்கண்ணன் காளிச்சாமி புடிச்சா புடிச்சதுதான்.

— புடிவாதத்துல அவருக்குச் சரியா நிக்கறது நம்ம சொந்தத்துல கதிரேசன் மாமா ஒருத்தருதானுங்க.

— அது நெசம். வால்பாறையிலயே குடியிருந்துட்டுக் கொடை புடிக்க மாட்டேங்கற ஒரே மனுசன் உங்க மாமன்தான்.

— அந்த மாமாவே, கண்ணாலத்துக்கப்பறம் உங்கள மதுரைக்கு நர்ஸ் படிக்க அனுப்பிச்சாரே! அவர அசைச்ச நீங்க அப்பாவையும் அசைச்சுப்போடுவீங்க. கணக்கு சரிதானுங்களே?

— கணக்கு சரிதான் அம்மணி. ஆளத்தான் மாத்திப் போட்டுட்டே.

— ஏனுங்கத்தை?

— நான் அழுதேன், பட்டினி கெடந்தேன். மாமன் இம்மியும் அசையல. அப்பறம் ஒருத்தன் பஸ்ஸேறி வந்தான். கொட்டற மழை. உள்ள வாங்கன்னா வரல, பச்சத்தண்ணி குடிக்கல. வாசல்லயே நின்னான். 'மாப்ள, வள்ளியாத்தா படிச்சா உங்க கொம்பு ஒண்ணும் ஒடஞ்சுபோயிராது. நீங்க செரின்னு சொல்ற வரைக்கும் நான் உள்ள வரமாட்டேன்'னான். பொழுது சாயற வரைக்கும் நனஞ்சுட்டே நின்னான். சொந்தக்காரன் வாசல்ல நனையறத ஊரே பாக்குது, மாமன் என்ன பண்ணுவாரு?

— யாருங்கத்தை அது?

— உங்கப்பன்.

— அப்பாவா?

— பையத் தூக்கு. லீவு சொல்லிப்போட்டு வாரேன். அந்தக் கொடைய இங்கயே வெச்சுரு கண்ணு, இன்னைக்கு உங்கூட்டு வாசல்ல நான் நிக்கோணும்.