இரண்டு படையிலிருந்தும் ஓடியவன்

அன்றைக்கு ராத்திரி மணி ஏழரைதான். ஆனால் புயல் எச்சரிக்கை... எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரிகூட இல்லை. அந்தச் சாலையை வெறுமையாகப் பார்த்தவர்கள் நம்மில் யாராவது உண்டா? போன் வெளிச்சத்தை அணையுங்கள், சொல்கிறேன்.

நம் ஜெகதீசனுடைய தாய்மாமன் எத்திராஜுக்கு நடந்தது இது. ஆட்டோ ஓட்டுபவர். அன்றைக்குப் பின் சீட்டில் தீபன். திருவொற்றியூர்ப் பட்டறையில் வெல்டர். கடலுக்கு அந்தப் பக்கம் போர் முடிந்த வருஷம் படகேறி வந்தவன். பதினேழு வயதில் ஒரு படை அவனை வீட்டிலிருந்து இழுத்துப்போய்த் துப்பாக்கி கொடுத்தது. கடைசி வாரம் அதை எறிந்துவிட்டு ஓடினான். எதிர்ப்படை பிடித்தது. தன் சீருடையை மாட்டி, கூட இருந்தவர்களை அடையாளம் காட்ட நிறுத்தியது. அங்கிருந்தும் ஓடினான்.

தாழங்குப்பம் தாண்டியதும் ஆட்டோ நின்றுபோனது. வெடிமருந்து நெடி. அப்புறம் சத்தம்... சளக்... சளக்... ஈர பூட்ஸ்கள்.

கடலோரப் பாறைகள்மேல் சிப்பாய்களின் வரிசை ஒன்று ஏறி வந்தது. முகத்துவாரப் பக்கமிருந்து இன்னொன்று. வேறு வேறு சீருடை. முன்னால் வந்தவனுக்குத் தாடை இல்லை.

தீபன் மெதுவாகச் சொன்னான்: “அண்ணை, நீங்கள் போங்கோ. என்னைத்தான் தேடுகினம்.”

படைக்கொன்றாகத் தீபனின் கைகளைப் பிடித்து இழுத்தார்கள். எங்கட ஆள் என்றது ஒரு பக்கம். மறுபக்கம் வேற்றுமொழியில் உறுமியது. தீபனின் வலது தோள் கழன்றது... ஈரக் கயிறு அறுகிற மாதிரி சத்தம்.

மாமா வீல் ஸ்பானரால் அடித்தார். ஒருவனுடைய கை முழங்கையில் முறிந்தது. ரத்தம் வரவில்லை, மணல் கொட்டியது. முறிந்த கையின் விரல்கள் அப்போதும் தீபனை விடவில்லை. அதற்குள் இரண்டு படையும் மோதிக்கொண்டன. துப்பாக்கிக் கட்டையால் மண்டையைப் பிளந்தார்கள். பிளந்த மண்டையோடு எழுந்து மறுபடி இழுத்தார்கள். இடது தோளும் போனது. அப்போதுதான் தீபன் அலறினான்.

மாமா அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

“இவன் எவனுக்கும் ஆளு இல்ல. என் தம்பி. இன்னா வோணுமோ என்னாண்ட கேளு.”

சத்தம் நின்றது. எல்லா முகமும் மாமா பக்கம் திரும்பியது. ஒருவன் குனிந்து பெயர் கேட்டானாம். மாமா தன் பெயரைச் சொல்லிவிட்டார்.

அப்புறம் மழை மட்டும்தான்.

தீபன் பிழைத்தான். கைகளைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. மாதவரத்தில் ஒரு குடோனில் காவலுக்கு இருக்கிறான். மாமா நாற்பதாம் நாள் உள்ளே தாழ்போட்ட வீட்டில் செத்துக் கிடந்தார். குளிப்பாட்டியது ஜெகதீசன். கழுத்தில் இரண்டு தகடுகள்... சிப்பாய்கள் கட்டிக்கொள்வார்களே, அந்த மாதிரி. பல வருஷம் போட்டிருந்ததுபோல அவற்றின்மேல் தோல் வளர்ந்திருந்தது. ஒன்றில் தமிழ் எழுத்து, மற்றதில் வேற்றுமொழி எழுத்து. ரத்தப் பிரிவு மட்டும் ஒன்று.

மாமாவுடையது.